இரண்டு அங்குலம்

மங்கலம்,
4.6.2024

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை கமலாம்பாள் எழுதுவது.

பேத்தி வர்ஷினிக்கு பனியன் கம்பெனியில் பதவி உயர்ந்திருக்கிறது. வெள்ளைக்காரனிடமே இங்கிலீஷில் பேரம் பேசுகிறாள். நித்தீஷ் டாக்டருக்குப் படிக்கிறான். சின்னவள் பூங்குழலி கபடியில் வாங்கிய கோப்பை டிவி பக்கத்தில் நிற்கிறது. அஞ்சாவதோடு நின்றவளின் பேரப்பிள்ளைகள் என்று யாராவது சொல்வார்களா?

போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சினிமாப் பத்திரிகையில் நீங்கள் கிசுகிசு எழுதிய காலத்துக் கதையெல்லாம் புத்தகமாக வருகிறதாம். அதில் அந்த இரண்டு அங்குலமும் வருகிறதா? கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடிகை விஜயராணியம்மாவுக்கு நான்தானே ரவிக்கை தைத்தேன். இடுப்பளவு இரண்டு அங்குலம் கூடிவிட்டது, தையலைப் பிரித்துவிட்டேன் என்று உங்களுக்குச் சோறு போடும்போது வாய்தவறிச் சொன்னேன். மறுவாரமே, ‘கல்யாணமாகாத கண்ணழகிக்கு இடுப்பில் இரண்டு அங்குலம் ஏற்றமாம்’ என்று அச்சில் வந்தது. அந்தம்மா ஒரு மாதம் அழுதார். பழி அந்தம்மாவின் கார் டிரைவர் சுடலை மேல் விழுந்து, அவர் வேலை போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஐம்பத்தாறு வருஷமாய் அந்தம்மா எனக்குப் பொங்கல் சேலை அனுப்புகிறார். ஆவணியில் வர்ஷினி கல்யாணத்துக்கும் வருகிறார். என் பேரை மட்டும் எழுதிவிடாதீங்க அண்ணா.

தங்கை,
கமலாம்பாள்

சென்னை,
11.6.2024

கமலா,

பயப்படாதே. எந்தக் காலத்தில் நான் பேர் போட்டு எழுதியிருக்கிறேன்? ‘நடிகைக்கு ரவிக்கை தைத்த என் தங்கை’ என்றுதான் இருக்கிறது. நீ கழுத்தில் அளவு டேப்போடு அந்தம்மா பக்கத்தில் நிற்கும் படமும் அழகாக வந்திருக்கிறது. பேர் போடாததால்தான் நாற்பது வருஷம் ஒரு வழக்கும் இல்லாமல் பிழைத்தேன். இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

தங்கதுரை

மங்கலம்,
17.6.2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வர்ஷினி, “ஏனுங்க அம்மாயி, அவருக்கு மொத்தம் எத்தனை தங்கச்சிங்க?” என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன். விஜயராணியம்மா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை.

“டேப்பு உங்கிட்டதானே இருந்துச்சு கமலா. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“அப்புறம் ஏனுங்கம்மா சுடலையண்ணனை அனுப்புனீங்க?”

“படம் முடிய இன்னும் மூணு ரவிக்கை பாக்கி இருந்துச்சு. டிரைவர் வேற கிடைப்பான்.”

காப்பி கொடுத்தார். பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். சுடலையண்ணன் கார் சாவியைத் துண்டால் துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாரே, பஸ்ஸில் வழியெல்லாம் அதுதான் கண்ணில் நின்றது.

அச்சுக்குப் போகும் முன் இதைத் திருத்துங்க அண்ணா. ‘என் தங்கை’ வேண்டாம், கமலாம்பாள், மங்கலம் என்றே போடுங்கள். சுடலை சொல்லவில்லை என்று அவர் பேரோடு எழுதுங்கள். அவர் பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் படிக்கட்டும். அதற்காகக் கல்யாணத்துக்கு யார் வராமல் போனாலும் சரி.

எங்கள் ஊட்டில் உங்கள் படம் ஒன்றுதான் இருக்கிறது, தலை நிறைய முடியோடு. பிள்ளைகளுக்கு அடையாளமே தெரியவில்லை. புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடுங்கள். அதன் பின்பக்கம் உங்கள் பேரை முழுசாக எழுதுங்கள்.

கமலாம்பாள்