வானுக்குப் பவுடர் போட்ட நாள்

பத்திரகாளி அம்மன் துணை

திருகோணமலை

அன்பு மகன் இராகுலனுக்கு அம்மா எழுதுவது,

அன்றைக்கு எங்கள் முற்றத்தில் நின்றவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஒருவரும் நான் அங்கே நிற்கவில்லை, நான் காணவில்லை என்று சொல்லக் கூடாது. நான், உன் தம்பி சிந்துஜன், அவன் பெண்சாதி லோஜினி, அவள் இடுப்பில் சின்னவள், ஜமாலியாவில் வாகனம் திருத்துகிற கராஜ் வைத்திருக்கிற ஜவ்பர், என்னோடு கூடப்பிறந்த உன் மாமா குலசிங்கம், அவர் மனுசி பூரணி. நீதான் இல்லை. நீ அந்தக் குளிருக்குள் வேலைக்குப் போய் நல்லபடி வீடு திரும்புகிறாய் என்று பத்திரகாளி அம்மாளை நம்பிக்கொண்டு நாங்கள் இங்கே இருக்கிறோம், எனக்கு முழங்கால் நோவு தவிர வேறு குறை இல்லை, சின்னவளுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது, எல்லாரையும் கடிக்கிறாள். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ அம்மா பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. இருந்து முழுக்கப் படி.

விஷயம் வான்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓட என்று நீ ஓவர்டைம் செய்து வாங்கித் தந்த அந்தப் பழைய டொல்பின் வான் கன மாதமாக ஒயில் குடித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். குடித்தது எங்கே போகிறது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. சிந்துஜன் வானுக்கு அடியில் கடதாசி மட்டை விரித்து வைப்பான், ஒரு நாள் மட்டை கோயில் வாசல் மாதிரிச் சுத்தமாகக் கிடக்கும், அடுத்த நாள் கியர் பெட்டிக்கு நேரே கறுப்பாய்க் குளம் கட்டி நிற்கும். பின் கதவிலும் பிசுக்கு. என்ஜின் இருப்பது முன் சீற்றுக்குக் கீழே, ஒயில் இருப்பது பின் கதவில், இது என்ன மாயம் என்று நான் தீர்த்தம்கூடத் தெளித்துப் பார்த்தேன். போன இடமெல்லாம் என்ஜினுக்குப் பின்னால் ஒயிலை அடைக்கிற சீல் போய்விட்டது, எல்லாத்தையும் இறக்க வேண்டும் என்றார்கள். மாமாவும் அதைத்தான் சொன்னார். எனக்கு மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை, உனக்கும் போன் எடுத்து, தம்பி ஒயில் பார்க்காமல் ஓடி என்ஜினைத் தின்றுபோட்டான், கந்தளாயில் வாங்க ஆள் இருக்கு, இப்போதே தள்ளிவிடுவதுதான் புத்தி என்று சொன்னார். நீ அதைக் கேட்டுக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டு, உன்னை நம்பித் தந்தது என்ர பிழை என்றாய். அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான், எனக்கும் கேட்டது, லோஜினிக்கும் கேட்டது. அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. அவன் உன்னோடு கோபிக்கவில்லை மகன். சோற்றைக் குறைத்துவிட்டான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் வானுக்குக் கீழேதான் படுத்திருப்பான், சட்டை எல்லாம் ஒயில். உவர்மலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்குகிற அந்த ஓட்டத்தில்தான் இந்த வீட்டு உலை கொதிக்கிறது, வான் போனால் அவன் எங்கே போவான்.

சனிக்கிழமை காலை மாமாவும் பூரணியும் வானை ஸ்டார்ட் எடுக்கிற திறப்பை வாங்க வந்தார்கள், பின்னேரம் கந்தளாயான் வருகிறானாம். பூரணியை உனக்குத் தெரியும், உன் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று கறிக்கு உப்புக் காணாது என்று பந்தியில் இருந்து கத்தினவள், பச்சைச் சேலை, தங்கக் கரை, எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன், சீனியைக் குறைத்துத்தான் கொடுத்தேன். அந்த நேரம் சிந்துஜன் கூப்பிட்டிருந்த ஜவ்பர் வந்து சேர்ந்தார். அவருக்குக் குரல் ஒலிபெருக்கி மாதிரி, சந்தியில் கதைத்தால் துறைமுகத்தில் கேட்கும். மாமா, இனிப் பார்த்து என்ன, விற்கப் போறம் என்றார். அதற்கு ஜவ்பர், விக்கிறதெண்டா பின்னேரம் வில்லுங்க, காலையில இது என்ர நோயாளி, டொக்டர் பாக்கும்போது சொந்தக்காரர் வெளியில நிக்கணும் என்று சொல்லிக்கொண்டே முன் சீற்றைத் தூக்கிச் சாய்த்துவிட்டார்.

மகன், நான் இவ்வளவு காலம் அந்த வானில் ஏறி இறங்கியிருக்கிறேன், நான் குந்தியிருந்த சீற்றுக்குக் கீழே இப்படி ஒரு உலகம் இருக்கிறதென்று நினைத்ததில்லை. எல்லாம் கறுப்பு, எல்லாம் ஈரம், எது குழாய் எது கம்பி என்று தெரியாது. எல்லா இடமும் நனைந்திருந்தால் எந்த இடத்தில் காயம் என்று எப்படிச் சொல்வது. ஜவ்பர் டீசலும் தூரிகையும் வைத்துக் கழுவினார், சிந்துஜன் தண்ணீர் அடித்தான், காற்றடித்துக் காயவைத்தார்கள், கடைசியில் அந்த என்ஜின் கோயில் குத்துவிளக்கு மாதிரி வந்தது. பிறகு அவர் லோஜினியைப் பார்த்து, தங்கச்சி, புள்ளைக்குப் பூசுற பவுடர் இருந்தாக் கொண்டு வாங்க என்றார். நாங்கள் விளையாட்டென்று நினைத்தோம். பூரணி, என்ன, வானைப் பொம்பிளை பாக்கக் கூட்டிக்கொண்டு போகப் போறியளோ என்று கேட்டாள். ஜவ்பர் சிரிக்காமல், மாமி, முகத்தில பவுடர் இருந்தாத்தானே அழுத இடம் தெரியும் என்றார். சொல்லிவிட்டு டின்னைக் கவிழ்த்து என்ஜின் முழுக்கத் தூவிவிட்டார். முற்றமெல்லாம் சின்னவளைக் குளிப்பாட்டின வாசம். அந்த இரும்பு முழுக்க வெள்ளையாய், பஞ்சு மாதிரி, நான் கையெடுத்துக் கும்பிடாத குறை.

ஸ்டார்ட் எடுத்தான் சிந்துஜன். ஒன்றும் இல்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மாமா, பாத்தியளோ, சீல்தான், கழட்டாமல் தெரியாது என்றார். ஜவ்பர் கையைத் தூக்கி, மிதி என்றார். அவன் மிதித்தான், என்ஜின் அலறியது, சின்னவள் அழுதாள், அப்போதுதான் கண்டோம். பற்றரிக்குக் கரண்ட் ஏற்றுகிற டைனமோவுக்குப் பின்னால் இருந்து வெள்ளைக்குள் ஒரு கறுப்புக் கோடு, தலைமயிர் தடிப்பம்தான் இருக்கும். அது நேரே கீழே இறங்கவில்லை மகன். விசிறிக் காற்று அதைத் தள்ளத் தள்ள என்ஜினின் விலாவில் சரிந்து, ஒரு திருகாணியைச் சுற்றி, இன்னொன்றில் ஏறி, பின்னுக்குப் போய், எல்லாரும் சீல் சீல் என்று சொன்ன அந்த இடத்துக்கு வந்து சொட்டியது. முன்னால் காயம், பின்னால் இரத்தம். எவ்வளவு நாள் எங்களை ஏமாற்றியது. பூரணிகூடக் கோப்பையோடு எழும்பிக் கிட்ட வந்து பார்த்தாள். நான் அம்மாளே என்றது எனக்கே கேட்டது.

டைனமோவுக்குப் பின்னால் ஜவ்பரின் கை போகாது, தலையும் போகாது. லோஜினி ஓடிப்போய்த் தன் கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து, தன் மெல்லிய கையை அதற்குள் விட்டுப் பிடித்தாள். கண்ணாடிக்குள் ஒரு சின்ன ரப்பர் குழாய், ஒரு சாண்தான் வரும், காய்ச்சல்காரன் மாதிரி வியர்த்துக்கொண்டிருந்தது, என்ஜின் அலறும்போது மட்டும் அதில் ஒரு வெடிப்பு வாயைத் திறக்கிறது, அடங்கினால் மூடுகிறது. அதனால்தான் ஒரு நாள் மட்டை சுத்தம், ஒரு நாள் குளம். என்ஜினை நிற்பாட்டி, ஆறவிட்டு, ஜவ்பர் குழாயைக் கழற்றிப் பெற்றோல் துணியால் துடைத்தார். துணியில் ஒயிலோடு, ஆரோ அடித்திருந்த கறுப்பு மையும் வந்தது. குழாயில் செம்மஞ்சள் நிறம் வந்தது. லோஜினிதான் முதலில் சொன்னாள், இது காஸ் அடுப்புக் குழாயெல்லோ, எங்கட குசினியில இருக்கிறதும் இதுதானே.

சிந்துஜன், நான் இதைத் தொடவே இல்லை அம்மா என்றான். அவன் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். நாட்டில் ஒன்றும் இல்லாமல் போய் நாங்கள் டீசலுக்குக் கியூவில் படுத்த அந்த வருசம் அவனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தானே, அப்போது வானை ஓட்டியது மாமா மட்டும்தான். எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் வாசல் படலையைப் பார்த்தார், எந்தப் பேயன் செய்த வேலையோ, வாங்கேக்கையே இருந்திருக்கும் என்றார். அப்போது, மகன், பூரணி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு, எங்கட குசினிக் குழாய் அது மச்சாள், காஸ் இல்லாமல் அடுப்பு சும்மா கிடந்த நேரம் இவர்தான் வெட்டினவர், அரைவாசி இன்னும் அடுப்பில தொங்குது, வந்து பாருங்கோ என்றாள். புருசனுக்கு முன்னால், பிற மனுசனுக்கு முன்னால், அந்தப் பூரணி.  உப்புக் கதையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன், இனி எடுக்க மாட்டேன்.

ஜவ்பர் அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கிறது. அந்தக் குழாய் ஒயில் கொடுக்கிற சின்னப் பம்புதான் பிரேக்கைக் காலுக்கு இலேசாக்கித் தருகிறதாம். குழாய் வெடித்தால் ஒயில் முழுக்க ரோட்டில், பம்பு காய்ந்து இறுகும், பிரேக் கல்லாகிவிடும். சிந்துஜன் தன் வலது காலைத் தடவிப் பார்த்தான். கொஞ்ச நாளாப் பிரேக் இறுக்கமாத்தான் இருந்தது அம்மா, டெங்குக்குப் பிறகு என்ர காலுக்குப் பலம் இல்லையெண்டு நினைச்சனான் என்றான். அந்தக் காலோடுதான் அவன் உவர்மலை இறக்கத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு சாண் குழாய். அதுவும் ஒரு குசினிக் குழாய், இவ்வளவு தாய்மாரின் வயிற்றையும் தாங்கிக்கொண்டு வெடிக்காமல் இருந்திருக்கிறது. அம்மாள்தான் அந்த வெடிப்பில் விரலை வைத்துப் பொத்திக்கொண்டு இருந்தாள் என்று நான் சொல்கிறேன், ஜவ்பர் அல்லாஹ் என்கிறார், நாங்கள் அதில் சண்டை பிடிக்கவில்லை.

சரியான குழாய் கொழும்பில் இருந்து பஸ்ஸில் வந்தது, பூட்டியாகிவிட்டது. கந்தளாயானை வர வேண்டாம் என்று லோஜினியே போனில் சொன்னாள். மட்டை இப்போது ஒவ்வொரு நாளும் சுத்தம். வானுக்குள் இன்னும் பவுடர் வாசம், ஆர் அண்ணா குளிச்சது என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம்.

நீ கவனமாய் இரு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஒரு கிழமைக் கறியைச் சூடாக்கிச் சூடாக்கிச் சாப்பிடாதே, வேலை நேரம் என்று பட்டினி கிடக்காதே. கடிதம் கிடைத்த அன்றே தம்பிக்குப் போன் எடு. மன்னிப்பு அது இது என்று பெரிய கதை வேண்டாம், அவனுக்கு வெட்கமாக இருக்கும். சாப்பிட்டியோ என்று கேள், பிரேக் எப்படி என்று கேள், போதும். அம்மாள் உன் காலடியில் கல் முள் இல்லாமல் பார்த்துக்கொள்வாள்.

உன்னைப் பெற்ற
அம்மா

பி.கு. மாமா அடுத்த நாள் வந்து அழுதார். அந்தக் காலத்தில ஒரு சாமானும் இல்லை அக்கா, ஆர்தான் செய்யேல்லை என்றார். அது உண்மை. ஜவ்பரும் சைக்கிள் ரியூப் வெட்டிப் பூட்டி வண்டி ஓட்டியவர்தான், ஆனால் போட்டதை ஆக்களுக்குச் சொல்லித்தான் போட்டனான் என்றார். சிந்துஜன் மாமாவுக்குத் தன் கையால் தேத்தண்ணி கொடுத்து அதை விட்டுவிட்டான். நீயும் விட்டுவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும், விடு. குழாய் பூட்டியதை நானும் விட்டுவிட்டேன். அதற்குக் கறுப்பு அடித்து மறைத்துவிட்டு, ஒயில் ஒழுகுகிறது என்றவுடனே எதுவென்று தெரிந்துகொண்டு, என் சின்ன மகனின் தலையில் பழியைப் போட்டு, என் பெரிய மகனின் வாயால் அவனுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வைத்தவனை நான் விட மாட்டேன். என் செத்த வீட்டுக்கு அவன் வந்தால் படலையோடு நிற்பாட்டு. அவன் பேர் குலசிங்கம்.