எங்க நொதி

அன்பு மகளுக்கு,

நச்சுக் கரைப்பான் இல்லாமல் தண்ணீரிலேயே மருந்து செய்யும் நொதியை உருவாக்கிவிட்டாய். சந்தோஷம். ஆனால் கம்பெனிக்காரர்களிடம் உன் பேராசிரியர், "இது எங்க நொதி" என்றாராமே? அதைப் பெருமையாக வேறு சொல்கிறாய்.

நானும் உன் பேராசிரியனும் ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தோம். "நம்ம கண்டுபிடிப்புடா மச்சான்" என்று என் தோளில் கை போட்டவன்தான். கட்டுரையில் என் பெயரைக் காணோம். கேட்டதற்கு, "அது எங்க டீம் வேலைப்பா" என்றான்.

காப்புரிமை விண்ணப்பத்தில் உன் பெயரைக் கண்ணால் பார்க்காமல், உறைபெட்டியிலிருந்து நொதிக் குழாய் ஒன்றைக்கூட அவனிடம் கொடுத்துவிடாதே.

"எங்க சாரைச் சந்தேகப்படாதீங்கப்பா" என்கிறாய். உன்னுடைய 'எங்க'வில் நான் இல்லை, அது புரிகிறது. அவனுடைய 'எங்க'வில் நீயாவது இருக்கிறாயா?

அப்பா