உன் முகத்துக்கு என் குரல்

என் அன்பின் பிலோ,

உன் செத்தவீட்டைப் பாரிசிலிருந்து கைத்தொலைபேசியில் காட்டினார்கள். இங்கே நம் தீவில், சரவணையில், என் குசினிக் கதிரையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தபடி பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. உன் முகம் தெரிந்தபோது சத்தம் இல்லை, பாட்டுக் கேட்டபோது முகம் இல்லை. அன்றைக்கே உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. எழுதி எங்கே அனுப்புவது என்று விட்டுவிட்டேன்.

இப்போது எழுதக் காரணம் உன் மகள் ஜெசி. போன கிழமை தொலைபேசி எடுத்துக் கதைத்தாள். உன் ரீவிக்குக் கீழே வருடக்கணக்காகக் கிடந்த நம் வீடியோக் கசெற்றை, தான் வேலை செய்யும் ஒலிப்பதிவுக் கூடத்தில் கொடுத்துப் புதிதாகப் பதிவு செய்துவிட்டாளாம். போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறாள்.

"அன்ரி, அம்மாவின்ரை வாய் அசையுறதுக்கும் குரலுக்கும் நடுவிலை ஒரு துளி இடைவெளி இருக்கு. அது அம்மா கதைச்சது இல்லைத்தானே?"

"இல்லை அம்மா. அது என்ரை குரல்."

பிறகு மெல்லக் கேட்டாள். "எனக்குத் தெரிஞ்ச அம்மாவின்ரை குரல் வேலையாலை வந்து களைச்சுக் கதைக்கிற குரல். இளமையிலை எப்பிடிக் கதைச்சவ எண்டு கேட்கலாம் எண்டுதான் ஆசையாப் போட்டனான். அப்ப அம்மா கதைச்சது எங்கை போச்சு?"

நீ ஏன் அவளுக்குச் சொல்லவில்லை, பிலோ? மறந்துபோனாயா? இல்லை, சொல்லத் தொடங்கினால் எங்கே போய் நிற்குமோ என்று பயந்தாயா? எதுவாக இருந்தாலும், அந்தக் கதையை அவளுக்குச் சொல்லும் வேலை எனக்கு வந்துவிட்டது. நான் சொன்னது சரிதானா என்று நீயும் ஒருக்கால் கேட்டுவிடு.

எண்பத்தாறு என்று நினைக்கிறேன். ஊர்காவற்றுறையில் இரண்டு பேரும் உயர்தரம் படித்து முடித்து, அடுத்தது என்ன என்று தெரியாமல் வீட்டோடு இருந்தோம். வேலணையிலிருந்து யோகன் அண்ணை சைக்கிளில் வந்தார். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர். மணவறையையும் பந்தியையும் எடுத்து அலுத்துப்போய், ஒரு மணித்தியாலக் கதையொன்று எடுத்தே தீருவது என்று நின்றார். கதையும் அவர் எழுதியதுதான். வள்ளத்தில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றி இறக்கும் தகப்பன் படுக்கையில் விழ, மகள் துடுப்பை எடுக்கிறாள். ஊர் அவளைப் பற்றிக் கதைக்கிறது. அவள் துடுப்பை விடவில்லை.

அந்த மகள் நான்தான் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூட நாடகங்களில் ராணி வேடமெல்லாம் எனக்குத்தானே வரும். உனக்குத் திரை இழுக்கிற வேலைதான். யோகன் அண்ணை எங்களைக் கரைக்குக் கூட்டிப்போய் என் கையில் துடுப்பைத் தந்தார். வள்ளம் நின்ற இடத்திலேயே வட்டம் சுற்றியது. நீ ஒருவரையும் கேட்காமல் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்து ஏறினாய். இரண்டு மூன்று தரம் வலித்தாய். வள்ளம் கோடு கீறினதுபோல் போனது.

"மலர், நீர் குறை நினைக்கக் கூடாது," என்றார் யோகன் அண்ணை. "நடிப்பைச் சொல்லிக் குடுக்கலாம். கடலைச் சொல்லிக் குடுக்க ஏலாது."

வீட்டுக்கு வந்து அழுதேன். பின்னேரம் நீ சைக்கிளை மிதித்துக்கொண்டு சரவணைக்கு வந்தாய். ஆறுதல் சொல்லவில்லை. "நீ வராட்டி நானும் போகமாட்டன்" என்று மட்டும் சொன்னாய். எனக்கு வேடம் கிடைக்காத கவலை உன் வாயால் அந்த ஒரு சொல்லில் பாதியானது. மீதிப் பாதி கொஞ்சக் காலம் இருந்தது. அதுவும் உனக்குத் தெரியும்.

உன் அப்பா வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே மறுத்தார். "கலியாணம் பேசுற நேரத்திலை படமோ?"

உன் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியை வைக்காமலே கேட்டா. "கோயில் கூத்திலை ஆம்பிளையள் சேலை உடுத்து அழுதா ஊரே கண்ணைத் துடைக்குது. ஒரு பொம்பிளை பொம்பிளையா நடிச்சா மட்டும் பிழையோ?"

அப்பா வேண்டாம் என்று திருப்பிச் சொல்லவில்லை. நீ அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாய்.

என்ன படப்பிடிப்பு அது. மற்ற இடங்களிலை படமெடுக்க ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு ஆள் இருப்பினம், எங்களிட்டை வேலைதான் இருக்கு, ஆக்கள் இல்லை என்று யோகன் அண்ணை சொல்லுவார். இயக்குநர், கமராக்காரர், சாரதி எல்லாம் அவர். நான் வசனத் தாளைப் பிடித்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன், உனக்குப் பவுடர் போடுவேன், நேற்று எந்தப் பக்கம் பின்னல் கிடந்தது என்று நினைவு வைத்திருப்பேன். வெள்ளித்தாள் ஒட்டிய மட்டையைப் பிடித்து உன் முகத்துக்கு வெயிலைத் திருப்புவதும் என் வேலைதான். கொஞ்சம் கூடத் திருப்பினால் நீ கண் கூசித் திட்டுவாய். "எடியே, என்னை வறுக்கிறியோ?"

ஜெசிக்கு இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய இடத்தில் படங்களுக்குக் காலடிச் சத்தம் மட்டும் உண்டாக்குவதற்கென்றே ஒருவர் இருக்கிறாராம். விதவிதமான சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடப்பதுதான் வேலையாம். நீ கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாய்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிவிட்டிருந்தது. அது எங்கள் காதில் உறைக்கவில்லை, பிறந்த நாள் முதல் கேட்கிற காற்றுத்தானே. எடுத்ததையெல்லாம் யோகன் அண்ணை வீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உன் வாய் அசைகிறது, காற்று மட்டும் கேட்கிறது. தகப்பனிடம் நீ சண்டை பிடிக்கும் அந்த நல்ல காட்சியிலும் ஒரு சொல் விளங்கவில்லை. யோகன் அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். காற்று விழுந்த பிறகு திரும்ப எடுப்போம் என்று முடிவு செய்தோம்.

திரும்ப எடுக்கப் போன முதல் நாளே கடற்படைப் படகு தூரத்தில் தெரிந்தது. யோகன் அண்ணை கமராவை வலைக்குள் சுற்றி வள்ளத்தின் அடியில் வைத்தார். நான் வசனத் தாளை மடித்துச் சட்டைக்குள் ஒளித்தேன். "ஒருத்தரும் அங்காலை பாக்காதேங்கோ. மீனுக்கு வந்த ஆக்கள் மாதிரி இருங்கோ" என்று நீ சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல் துடுப்பு வலித்துக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாய். கரையேறிய பிறகுதான் உனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் வள்ளம் இறக்கவில்லை.

அந்த மாதமே உனக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை பாரிசில். மின்னலாய் எல்லாம் நடந்தது. ஊர்காவற்றுறை பஸ் நிலையத்தில், கொழும்புக்குப் போகிற வழியில், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய். நான் பக்கத்தில் இருந்தேன்.

"யோகன் அண்ணை ஆரையாவது வைச்சு எனக்குக் குரல் குடுக்கப் போறாராம்," என்றாய்.

"ஓம். யாழ்ப்பாணத்திலை ஒரு பிள்ளை இருக்குதாம். நாடகத்துக்கெல்லாம் கதைக்கிறவவாம்."

"வேண்டாம். நீ கதை."

"நானோ?"

"நீதான் அந்த வேடத்துக்கு ஆசைப்பட்டனி. முகத்தை நான் எடுத்திட்டன். குரலையாவது நீ எடு. வேறை ஒருத்தியும் என்ரை வாய்க்குள்ளாலை கதைக்கக் கூடாது."

பஸ் வந்துவிட்டது. உனக்கு என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன அறை. யன்னல்களுக்கு மெத்தையைச் சாய்த்து அடைத்திருந்தார்கள். வேர்த்து ஒழுகும். முன்னால் ரீவியில் நீ. நீ வாய் திறக்கும்போது நான் திறக்க வேண்டும், மூடும்போது மூட வேண்டும். வசனம் முழுக்க எனக்குப் பாடம். ஆனால் நீ எங்கே மூச்சு எடுக்கிறாய் என்று அதுவரை நான் கவனித்ததில்லை. கோபம் வருவதற்கு முதல் ஒரு சின்ன மூச்சு எடுப்பாய். அதைப் பிடிக்கும்வரை ஒரு வசனமும் சரிவரவில்லை. பிடித்த பிறகு, நீ போன கவலையும் கொஞ்சம் குறைந்தது. பகல் முழுக்க உன்னோடேயே இருந்தேன் அல்லவா.

படத்தை ஊர்காவற்றுறையில் ஒரு கலியாண வீட்டு முற்றத்தில் போட்டுக் காட்டினோம். ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலால் சத்தத்தைக் கூட்டி வைத்தோம். உன் அப்பாவும் வந்தார். படம் முழுக்க முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீ துடுப்பை எடுத்த இடத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "பார், பிடிக்கிற பிடி என்ரை பிடி" என்றார். முடியும்வரை அவர் எழும்பவில்லை.

உன் அம்மா பிறகு என்னைத் தேடி வந்தா. "முகம் பிள்ளையின்ரை. கதைச்சது ஆர், நீயோ?" என்றா. தலையாட்டினேன். என் கன்னத்தைத் தடவிவிட்டு, "வடிவாக் கதைச்சிருக்கிறாய். ஆனால் அவள் 'அப்பா' எண்டு சொல்லேக்கை கடைசியிலை கொஞ்சம் இழுப்பாள், மோனை. நீ வெட்டிப்போட்டாய்" என்றா. அவ சொன்னது சரி.

அந்தப் படத்துக்குப் பிறகு யோகன் அண்ணையும் வேறு சிலரும் எடுத்த கதைகளுக்கெல்லாம் நான்தான் பெண் குரல். சண்டைக்காரியாக, சாகக் கிடப்பவளாக, மூன்று பிள்ளைக்குத் தாயாக எல்லாம் பேசினேன். என் முகம் ஒருவருக்கும் தெரியாது. பஸ்ஸில் ரிக்கற் கேட்டால் முன்னுக்கு இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சண்டையால் தீவிலிருந்து இடம்பெயர்ந்த பிறகும், விளக்கு எரிக்க எண்ணெய்க்கே வழியில்லாத காலத்திலும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி மின்சாரம் எடுத்து ஒரு நாடகம் பதிவு செய்தோம். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தையும் விட்டு வெளிக்கிட்டோம். அதோடு அந்த வேலை போயிற்று. பிறகு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதும் மைக்குக்கு முன்னால் நின்ற அந்த நாட்கள்தான் எனக்கு உத்தியோகமாகத் தெரிந்தன. சண்டை முடிந்த பிறகு சரவணைக்கே திரும்பி வந்தேன். யோகன் அண்ணை கனடாவில் திரும்பவும் கலியாண வீடு எடுக்கிறார். வேலணையில் அவர் விட்டுவிட்டு ஓடிய பெட்டியோடு நம் மூலக் கசெற்றுகள் எல்லாம் போயின. பாரிசுக்கு வந்த ஒருவரிடம் உனக்குக் கொடுத்துவிட்ட அந்த ஒரு பிரதிதான் மிச்சம்.

நீ பிறகு நடிக்கவே இல்லை. சாப்பாட்டுக் கடைகளில் நின்று காலம் போயிற்று என்று கடிதத்தில் எழுதுவாய். ஜெசி சத்தத்துறை படிக்கப் போகிறேன் என்றபோது தகப்பன் கணக்கியல் படி என்று நின்றாராம். நீ ஒரு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்து வென்றாயாம். அதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். உன் கடிதங்களில் அது இல்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது ஜெசி கேட்டாள். "அப்ப அம்மாவின்ரை குரல் ஒண்டுமே இல்லையா, அன்ரி?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த நேரம்தான் ஒன்று மூளையில் தட்டியது, பிலோ. முதல்முதலாக நீ தனியே வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவரும் காட்சி. அதில் நீ பெருமையோடு நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் வசனத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலை வந்து என்னைக் கவிழ்த்துவிட்டது. நீ வாய்விட்டுச் சிரித்தாய். யோகன் அண்ணைக்கு அது பிடித்துப்போய் அப்படியே வைத்தார். குரல் கொடுக்கும்போது அந்தச் சிரிப்பை நான் திரும்பத் திரும்பச் சிரித்துப் பார்த்தேன், வரவில்லை. நான் விழுந்ததை நினைத்து நானே எப்படி அப்படிச் சிரிப்பது? கடைசியில் யோகன் அண்ணை, "விடும் மலர். அவவின்ரை சிரிப்பே கிடக்கட்டும், காத்தோடை" என்றுவிட்டார்.

"ஜெசி, வள்ளம் கரை தட்டுற இடத்தைப் போடு," என்றேன். "அது நான் இல்லை. அது கொம்மா."

அவள் போட்டாள். தொலைபேசிக்குள்ளால் காற்று இரைந்தது. அதற்குள் நீ சிரித்தாய். அவள் திரும்பவும் போட்டாள். இன்னும் ஒருக்கால் போட்டாள்.

"காத்தை நான் எடுத்துவிடலாம்," என்றாள் பிறகு. "என்ரை வேலையே அதுதான். ஆனா எடுக்கேல்லை. அம்மா அதுக்குள்ளைதானே நிக்கிறா."

வருகிற ஆடியில் அவள் இங்கே வருகிறாள். நீ நின்ற கரையைக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அன்ரி என்றவள் தொலைபேசியை வைக்கும்போது பெரியம்மா என்றாள். உன்னைப் போலவே கதைத்துக் காட்டுங்கோ என்று அவள் கேட்டாலும் நான் காட்டமாட்டேன், பிலோ. உன்னைப் பற்றி அவள் கேட்கிற எல்லாம் சொல்லுவேன், விடியும்வரை என்றாலும் சொல்லுவேன். உனக்காக இனிக் கதைக்கமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் சிநேகிதியும்
ஜெசியின் பெரியம்மாவுமான
மலர்
சரவணை