ஆடிக் காற்றில் அசையாத இடம்

ஆரல்வாய்மொழி,
27.07.2025, ஞாயிறு.

அன்பு மகள் ஷைஜாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாயிருக்கிறோம், நீயும் தோஹாவின் வெயிலில் உடல்நலம் குன்றாமல் இருக்கிறாய் என்பதை நாள்தோறும் மாலை ஆறு மணிக்குக் கைப்பேசியில் உன் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்கிறோம். அப்படியிருக்கக் கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். அந்தக் கைப்பேசிக்கு முன்னால் எப்போதும் உன் அம்மாவும் இருக்கிறாள், நான் எழுதப்போகும் செய்தியை உனக்குச் சொல்லவே கூடாது என்று அவள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறாள், காரணம் இவ்வளவுதான். விடுப்பு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே திரும்பும் நம் தெரு ஸ்டெனியிடம் ஏத்தங்காய் வறுத்த உப்பேரியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். படிக்கத் தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் எந்தக் காயமும் இல்லை, வீட்டிற்கும் சேதமில்லை. மற்றபடி ஆலயத்தில் அசன விருந்து அடுத்த மாதத்திற்குத் தள்ளிப்போயிருக்கிறது, எங்கள் பண்ணையில் ஒன்பதாம் எண் காற்றாலையின் பல்சக்கரம் மாற்றி முடித்தோம், உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. இனி அடுக்களைக்கு வருகிறேன்.

நீ ஏழு தாள்களில் வரைந்து அனுப்பிய வரைபடத்தை நான் நாகர்கோவிலில் பெரிய தாளில் அச்செடுத்துக் கூடத்துச் சுவரில் ஒட்டி, கொத்தனார் பொன்னுலிங்கத்திடம் ஒரு மில்லிமீட்டர்கூட விலகக் கூடாது என்று சொல்லி மார்ச் மாதம் வேலையைத் தொடங்கியது உனக்குத் தெரியும். இருபத்துநான்கு வருடமாக அம்மா ஒரு இருட்டு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டே சமைத்திருக்கிறாள், இனி மலையைப் பார்த்துக்கொண்டு சமைக்கட்டும் என்று சொல்லி மேற்குச் சுவரில் நான்கடி அகல ஜன்னல் வைத்து அதன் கீழே அடுப்பை அமைத்திருந்தாய். அந்த எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. சுவரை உடைத்த அன்று உன் அம்மா வந்து பார்த்து, "மேக்கயா ஜன்னல் வைக்கிய? ஆடின்னு ஒண்ணு வருமே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். முறையாகப் படித்தவள் வரைந்திருக்கிறாள், நாம் நம் இஷ்டத்துக்கு மாற்றினால் எல்லா அளவும் கெட்டுவிடும் என்று நான் தாளைக் காட்டி விளக்கினேன். மே முதல் வாரம் போதகர் வந்து ஜெபித்தார், நீ கைப்பேசியில் பார்த்துக் கண் கலங்கினாய், காற்று இல்லாத காலம், எல்லாம் அழகாக இருந்தது.

ஜூன் பிறந்ததும் கணவாயில் காற்று திறந்துகொண்டது. ஜன்னலைத் திறந்தால் அடுப்புத் தீ படுத்துவிடும், மூடினால் புகை போக வழியில்லை, புகைபோக்கியின் குழாய்வாயும் மேற்கிலேயே இருப்பதால் அது புகையை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்தது. இதெல்லாம் எனக்கு ஜூலை ஐந்தாம் தேதிவரை தெரியாது. காலை எட்டு மணிக்கு முன் வேலைக்குப் போய் மாலை ஐந்தரைக்குப் பின் திரும்புகிறவன் நான், ஞாயிற்றுக்கிழமைச் சமையலை நான் எழும் முன்பே அவள் முடித்துவிடுவாள். அந்த ஒரு மாதமும் உன் அம்மா கொல்லைப்புறச் சாய்ப்புக் கூரையின் கீழே சுவர் மறைவில் பழைய ஒற்றை அடுப்பை வைத்துச் சமைத்திருக்கிறாள். நான் திரும்பும் முன்பே சட்டியைத் தூக்கிக்கொண்டு புது அடுக்களைக்கு வந்துவிட்டு, ஆறு மணிக்கு ஜன்னலுக்கு முன்னால் நின்று உன்னிடம் சிரித்துப் பேசியிருக்கிறாள். அடுப்பில் சட்டி இருப்பதை நீ பார்த்தாய், நானும் பார்த்தேன், அதன் கீழே தீ இல்லாததை நாம் இருவரும் பார்க்கவில்லை.

ஐந்தாம் தேதி சனிக்கிழமை நான் அரைநாளில் வந்துவிட்டேன். அன்று மழைச்சாரல் இருந்ததால் அவள் வேறு வழியின்றிப் புது அடுப்பிலேயே மீன்குழம்பைச் சிறு தீயில் வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போயிருக்கிறாள். நான் உள்ளே நுழைந்ததும் எரிவாயு நெடி. தீ அணைந்து வாயு மட்டும் வந்துகொண்டிருந்தது. காற்றை வெளியேற்றும் விசிறியைப் போடலாம் என்று என் கை சுவிட்சுக்குப் போயிற்று. பின்வாசலிலிருந்து, "தொடாதீங்க, கைய எடுங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் என் கை அப்படியே நின்றது. நான் மின்பொறியியல் படித்தவன், வருடந்தோறும் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவன், அந்த வகுப்பில் முதலில் சொல்லும் விதியே வாயு கசிந்த இடத்தில் சுவிட்சைத் தொடாதே என்பதுதான். அவள் நிதானமாக வந்து உருளையை மூடினாள், கதவுகளையெல்லாம் திறந்தாள், என்னை முற்றத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அதன் பிறகுதான் ஒரு மாதக் கதையும் வெளியே வந்தது. இதை ஏன் மறைத்தாய் என்று நான் கோபப்பட்டேன். "பிள்ளை ஆசயா வரஞ்சு அனுப்பினதுல்லா. மொத மொதல்ல அவ கையால வரஞ்ச அடுக்களை. அதுல நான் போய் கொறை சொல்லவா?" என்றாள்.

இனி எழுதப்போவதுதான் உனக்கு உண்மையில் சொல்ல விரும்பியது. மறுநாள் ஆராதனை முடிந்ததும் அலுவலகத்திலிருந்து கையில் பிடித்து அளக்கும் காற்றுமானியைக் கொண்டுவந்தேன். ஜன்னலைத் திறந்து வைத்து அடுக்களைக்குள் எங்கெங்கே எவ்வளவு காற்று என்று அளந்து, உனக்கு முறையாகக் கணக்கு அனுப்பி, நீயே திருத்தித் தரட்டும் என்பது என் திட்டம். உன் அம்மா வாசலில் சாய்ந்து நின்று பார்த்தாள். "இருவத்தாறு வருசமா ஊர்க்காத்தெல்லாம் அளக்கியளே, வீட்டுக்குள்ள வந்த காத்தக் கண்டியளா" என்று சிரித்தாள். பிறகு, நான் ஓரிடத்தில் கருவியைப் பிடிப்பதற்கு முன்னாலேயே அங்கே என்ன இருக்கும் என்று சொல்லத் தொடங்கினாள். ஜன்னலுக்கு நேரே நின்றபோது, இங்கே நேரடி அடி என்றாள், கருவி நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் காட்டியது. பாத்திரம் கழுவும் இடத்தருகே, "இங்க கிடந்து சுத்தும், கறிவேப்பிலைய வச்சா எடுத்துட்டுப் போயிரும்" என்றாள், முள் நிலைகொள்ளாமல் ஆடியது. கூடத்துக்குப் போகும் வாசலில் காற்று திரும்பித் தரையோடு ஓடும், மேலே இராது என்றாள். நான் நின்றபடி அளந்தேன், குறைவு, குனிந்து அளந்தேன், இரண்டு மடங்கு. நான் சந்தேகத்தோடு மீண்டும் மீண்டும் அளந்தேன், அவள் ஒரு சிட்டிகை அரிசிமாவை எடுத்து விட்டுக் காட்டினாள், அவள் விரல் காட்டிய பாதையிலேயே மாவு போயிற்று. பதினொரு இடங்களில் பார்த்தோம். ஒன்றுகூடத் தவறவில்லை.

பத்தாவது இடத்தில் நான் நின்றுவிட்டேன். வடகிழக்கு மூலை, பழைய அடுப்பு இருந்த அந்த இருட்டு மூலை. "அதுல பொட்டுக்காத்து வராது. ரெண்டு சாண் இந்தப்பக்கம் தள்ளினா தீ சரியும், அந்தப்பக்கம் தள்ளினாலும் சரியும்" என்றாள். கருவியைப் பிடித்தேன். பூஜ்யம். வெளியே எங்கள் பண்ணையின் காற்றளக்கும் கோபுரத்தில் அதே நேரம் நொடிக்குப் பதினான்கு மீட்டர் பதிவாகியிருந்தது, தென்னை மட்டைகள் ஒரு பக்கமாகச் சீறிக்கொண்டிருந்தன, கூரைத்தகடு அதிர்ந்துகொண்டிருந்தது. மிகக் குறைந்த காற்றை என் கருவி அறியாது என்பதால் அதை நான் முழுதாக நம்பவில்லை. உருளை மூடியிருக்கிறதா என்று மறுமுறை பார்த்துவிட்டு அவளையே ஒரு தீக்குச்சி கொளுத்தச் சொன்னேன். ஷைஜா, அந்தச் சுடர் நேராக நின்றது. வரைந்து வைத்ததுபோல நின்றது. அவள் விரலைச் சுடும்வரை அது ஒரு தடவைகூடத் தலை சாய்க்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக இந்தக் கணவாயின் காற்றைக் காலையும் மாலையும் பதிவேட்டில் எழுதிவருகிறேன், ஆனி, ஆடி மாதங்களில் ஒருமுறைகூடப் பூஜ்யம் என்று எழுதியதில்லை. அந்த எண் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இந்த இடத்தை எப்படிக் கண்டாய் என்று கேட்டேன். நாம் இந்த வீட்டைக் கட்டிய 2001ஆம் ஆண்டு ஆடியில், அடுக்களையின் மேற்குச் சுவர் இன்னும் அரைகுறையாக நின்றபோது, நான் வேலைக்குப் போனபின் ஒரு வாரம் தினமும் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி எல்லா இடத்திலும் வைத்து வைத்துப் பார்த்தாளாம். நீ அப்போது அவள் வயிற்றில் ஏழு மாதம். எந்த மூலையில் மெழுகு ஒரு பக்கமாக வழியாமல் சுற்றிலும் சமமாக இறங்கியதோ அங்கே கரியால் கோடு போட்டு அடுப்பைக் கட்டச் சொல்லியிருக்கிறாள். ஆண்டுக்கணக்கில் காற்றை அளந்து நாங்கள் ஒரு காற்றாலைக்கு இடம் குறிக்கிறோம், அதே வேலையைத்தான் அவள் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துச் செய்திருக்கிறாள். நாங்கள் அதிகக் காற்றைத் தேடினோம், அவள் காற்றே இல்லாத ஒரு சாண் இடத்தைத் தேடினாள், இரண்டாவதுதான் கடினம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று பகல் முழுவதும் நான் அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரமே பொன்னுலிங்கத்தை அழைத்தேன். வந்தவர் சுவரில் ஒட்டிய தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சாரே, காத்துக்குப் பேப்பர் வாசிக்கத் தெரியாதுல்லா, அக்கா அன்னைக்கே சொன்னாவ" என்றார். அடுப்பைப் பழைய மூலைக்கே மாற்றினோம், கிழக்குச் சுவரில் உயரத்தில் இரண்டு காற்றுத் துவாரங்கள் வைத்தோம், புகைபோக்கியின் குழாயையும் அந்தப் பக்கம் திருப்பினோம். மேற்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு மட்டும் உன் அம்மா சம்மதிக்கவில்லை. "பிள்ளை எனக்கு மலையக் காட்டணும்னு வச்சது. அதுல யாரும் கை வைக்காண்டாம்" என்றாள். அதனால் திறக்காத கனத்த கண்ணாடியாக மாற்றி, அதன் கீழே காய்கறி நறுக்கும் மேடை அமைத்திருக்கிறோம். அடுப்பருகிலிருந்து மலை தெரியாதே என்றேன், திரும்பிப் பார்த்தால் இருக்கிறதே என்றாள். இப்போது முருங்கைக்கீரையை உருவுவதற்கு அரைமணி நேரம் ஆகிறது, கண் கீரையில் இல்லை.

இந்த மாற்றம் உனக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் வேலையில் உன் மனம் இடிந்துவிடும் என்பது அவள் அச்சம். அதற்காகத்தான் இரண்டு வாரமாகக் கண்ணாடிக்கு முன்னால் மட்டும் நின்று உன்னோடு பேசுகிறாள். நானும் பேசாதிருந்தேன். ஆனால் போன ஞாயிறு ஆலய வாசலில் ஸ்டெனி, அவன் அம்மாவின் அடுக்களையையும் இதே மாதிரி, மேற்கு ஜன்னலின் கீழே அடுப்பு வைத்து, வரைந்து தர நீ ஒப்புக்கொண்டதாக மகிழ்ச்சியோடு சொன்னான். அதற்குமேல் நான் மௌனமாயிருப்பது தவறு. அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டியவள் நீ. வரைவதற்கு முன் அவன் அம்மாவுக்குப் போன் செய்து, ஆடியில் உங்கள் வீட்டில் தீ எங்கே நிற்கும் என்று கேள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும், யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். நீ வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரைந்த உனக்குக் காற்று தெரிய வழியில்லை, காற்றுக்குள்ளேயே இருந்த எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. கட்டி முடித்தபின் உள்ளது உள்ளபடி வரைபடத்தைத் திருத்தி வைக்காமல் எந்தப் பணியையும் முடிந்ததாகக் கணக்கிடுவதில்லை. பதினொரு இடங்களின் அளவையும் குறித்து ஒரு தாள் இணைத்திருக்கிறேன், அதை வைத்து நம் அடுக்களையை மறுபடி வரைந்து அனுப்பு. ஒவ்வொரு தாளின் கீழ்மூலையிலும் வரைந்தவர் என்ற இடத்தில் உன் பெயர் அப்படியே இருக்கட்டும். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தாய், நானும் பெருமையோடு கையெழுத்திட்டேன், ஒன்றையும் சரிபார்க்கவில்லை. அதை அடித்துவிட்டு உன் அம்மாவின் பெயரை, லீலாபாய் என்று, எழுது. அச்செடுத்து அதே சுவரில் ஒட்டுவேன், அவள் கையெழுத்தை நான் வாங்கிக்கொள்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. வெள்ளிக்கிழமை ஆராதனையைத் தவறவிடாதே, உப்பேரியை ஈரம்படாத டப்பாவில் வை. இனி மாலையில் பேசும்போது அம்மாவை அடுப்புப் பக்கம் திரும்பச் சொல், தீ எரிகிறதா என்று பார்.

என்றும் உன் நலம் வேண்டும் அப்பா,
யே. கிறிஸ்துதாஸ்.