பாதி விலைக்கு வாங்கிய குற்றம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

என் கணவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஈப்போ பக்கம் வேகமாகப் போனதாக என் கார் எண்ணுக்கு அபராதச் சம்மன் வந்திருந்தது. படத்தில் என்னுடையதைப் போலவே ஒரு வெள்ளைக் கார், அதே எண். அன்று என் கார் சுங்கை பினாங் ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் கழற்றிக் கிடந்தது. எவனோ என் எண்ணை மாட்டிக்கொண்டு சுற்றுகிறான். போலீசில் புகார் கொடுத்தேன். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனதே இவர்தான். ஒர்க்‌ஷாப் பில்லையும் வாங்கிக்கொண்டு, இன்று அரை நாள் விடுப்பு எடுத்து, சம்மனை ரத்து செய்யச் சொல்லிப் போக்குவரத்துப் போலீஸ் கவுண்டரில் நின்றேன்.

அங்கிருந்த தமிழ்ப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டுக் கணினியைத் தட்டினாள்.

“அக்கா, இது நேத்தே கட்டியாச்சுலா. கட்டிட்டா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி. இனி ஒன்னும் செய்ய முடியாது.”

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அம்பது பெர்சன்ட் டிஸ்கவுன்ட் போட்டிருந்தான்லா. நேத்துதான் கடைசி நாளு. ஊரே கட்டுது. நல்லதுதானே செஞ்சேன்?”

தள்ளுபடி வரும்வரை சம்மனைக் கட்டாமல் வைத்திருப்பது இங்கே எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அதற்காகச் செய்யாத குற்றத்தையுமா மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வருவார்கள்?

அந்தத் திருடன் இந்நேரம் எந்த ரோட்டில் பறக்கிறானோ. அவனுக்கென்ன பயம். கட்டுவதற்கு என் வீட்டிலேயே ஆள் வைத்திருக்கிறான்.