ஜீப்பைப் பற்றி விசாரித்தவர்

நவம்பர் 12, செவ்வாய்.

மத்தியானம் ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் நம் டீக்கடைக்கு ஒருவர் வந்தார். டீயைக் குடித்துக்கொண்டே, போன மாதம் மஞ்சக்குட்டை வளைவில் கவிழ்ந்த ஜீப்பைப் பற்றிப் பேச்செடுத்தார். பக்கத்து வீட்டுச் செல்வத்தின் ஜீப் அது. பரிதாபப்பட்டுக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"செல்வம் நொம்ப நல்லவருங்க. பஸ் இல்லாத நேரத்துல எஸ்டேட் ஆளுங்கள அவருதான் ஏத்திட்டுப் போவாரு. பஸ் காசுக்கு மேல வாங்கமாட்டாரு" என்றேன்.

"தினமுங்களா?"

"தினமுந்தானுங்க."

எழுந்திருக்கும்போதுதான், இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விசாரிக்க வந்ததாகச் சொன்னார். சொந்த உபயோகத்துக்குப் பாலிசி எடுத்த வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றினால் இழப்பீடு கிடையாதாம். என் பெயரைக் கேட்டார். சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு அந்த ஜீப்பில் போன ராணி இன்னும் சேலம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இழப்பீட்டை நம்பித்தான் அவள் புருஷன் ஆபரேஷனுக்குச் சம்மதித்திருக்கிறான்.

சாயங்காலம் செல்வத்தின் மனைவி ஓடிவந்தாள். "ஏனுங்க அக்கா, ஜீப்பப் பத்தி விசாரிக்க யாராச்சும் வந்தாங்களா? வந்தா, காசே வாங்கறதில்லைன்னு சொல்லிப்போடுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றதா இருக்கறோம்."

"யாரும் வரலை கண்ணு" என்றேன். அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் சொன்னதை எழுதி எடுத்துக்கொண்டு, நாளைக் காலையில் என்னிடம் கையெழுத்து வாங்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர்.