இரவல் டிரெய்லரில் அம்மன்

நேற்றுக் காலை பக்கத்து வீட்டுப் பையன் புது வேன் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். பூசாரி சூடம் காட்டினார், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார், பையன் வண்டியை நகர்த்தினான். நசுங்கிய பழத்தின் வாசனை மூக்கில் ஏறியது. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்க, நான் ஒருத்தன் மட்டும் குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் கட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். "என்னா தாத்தா, காசு விழுந்துடுச்சா?" என்று கேட்டான் பையன். அவனிடம் என்னத்தைச் சொல்வது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை. படித்தாலும் சிரிப்பாய், சிரித்துக்கொள்.

நீ எனக்கு வைத்த பேர் முட்டுக்கட்டை. எதைச் சொன்னாலும் வேண்டாம் என்பேனாம், எதற்கும் ஒரு தடை சொல்வேனாம். திகாம் பத்து பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நீ லாரி டிரைவர், நான் உன் கிளீனர். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே வயசு. ஆனாலும் உனக்குத் துணிச்சலையும் எனக்குப் பயத்தையும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டான் ஆண்டவன். அந்தக் காலத்தில் பயப்படாதவன்தான் கிறுக்கன் என்று நான் இன்றும் சொல்வேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டான். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டான். பெட்ரோல் கிடையாது, லாரிக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி அந்தப் புகையில் ஓட்டினோம். அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள் என்று லயம் லயமாக ஆம்பளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவன் ஒருத்தனிடமிருந்தும் சேதி வரவில்லை. லாரி ஓட்ட ஆள் வேண்டும் என்பதால் நம் தோட்டத்தில் உன்னை விட்டு வைத்திருந்தார்கள். உன்னோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் என்னையும்.

அவர்கள் வந்ததிலிருந்து மாரியம்மனுக்குத் திருவிழாவே இல்லை. அந்த வருஷம் என்னவோ மனசு வைத்து, பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். ஆனால் தேர் மழையில் கிடந்து அச்சு முறிந்து போயிருந்தது. அம்மனைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாமே என்றேன். பொம்பளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. சயாமுக்குப் போனவன் வீட்டு வாசலுக்கெல்லாம் ஆத்தா தேரில் வந்தாக வேண்டும் என்று அழுதார்கள். அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய். குருண் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மெஷின் ஏற்றுகிற டிரெய்லர் ஒன்று சும்மா நிற்கிறது, அதைக் கேட்டு வாங்கி நம் லாரியில் கட்டி இழுத்தால் அதுதான் தேர் என்றாய். ஆரம்பித்துவிட்டான் என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அந்தத் தோட்டத்து ஜப்பான் அதிகாரி முன்னால் நாம் குனிந்து நின்றது நினைவிருக்கிறதா? ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி நடுவில் நின்று மலாயில் சொல்லி மலாயில் வாங்கி நமக்குத் தமிழில் கொடுத்தார். வண்டியை எடுத்துப் போகலாம். திருவிழா முடிந்த மறுநாள் முழுசாகத் திரும்பி வர வேண்டும். ஏதாவது ஆயிற்று என்றால் இழுத்துப் போனவன் சயாம் போக வேண்டும். கிராணி சொல்லி முடிப்பதற்குள் நீ சரி என்று தலையாட்டிவிட்டாய். நான் பின்னாலிருந்து உன் சட்டையை இழுத்தது வீண். உன் பெண்டாட்டி அப்போது மாசமாக இருந்தாள். எனக்கு அவள் முகம்தான் கண்ணில் நின்றது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நீ கண்மூடித்தனமான ஆள் இல்லை. டிரெய்லரைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அடியில் படுத்தாய். அச்சைத் தட்டினாய், டயரைக் கையால் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தாய், லாரியோடு கோக்கிற ஆணியை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அது போதாதென்று நம் லாரியிலிருந்து கனமான சங்கிலியை எடுத்து இரண்டு வண்டிக்கும் சேர்த்துப் பூட்டினாய். ஆணி போட்ட பிறகு சங்கிலி எதற்கு என்று கிராணி கேட்டார். "ஆணி ஒடிஞ்சா சங்கிலி இருக்கு. சங்கிலி அறுந்தா இவன் இருக்கான், கத்துறதுக்கு" என்று என்னைக் காட்டினாய். கிராணி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குருணிலிருந்து திகாம் பத்து வரைக்கும் நான் முன்னால் பார்க்கவே இல்லை. காலி டிரெய்லர் ஒவ்வொரு குழிக்கும் துள்ளியது. எதிரில் ராணுவ லாரி வந்தபோது நீ புல்லில் இறக்கி நிறுத்தினாய், எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் உன் பெண்டாட்டி என்னிடம் வந்து, "அண்ணே, ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். இன்னும் திரும்பப் போக வேண்டுமே என்று நான் உளறினேன். நீ என்னை முறைத்தாய்.

திருவிழாவன்று நீ ஆடிய ஆட்டம்! அம்மன் பீடத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் வைக்கக் கூடாது, கொஞ்சம் முன்னால்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி வாலாட்டும் என்று பூசாரியோடு சண்டை. ஏறி உட்கார்ந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினாய். "ஆத்தாவைத் தவிர யாரும் ஏறக்கூடாது" என்றாய். அப்போது நானும்தானா என்று பூசாரி கேட்டார். நீங்களும் நடந்துதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டாய். அவர் முகம் சுண்டிப் போயிற்று.

கோயில் மேட்டில் இருக்கிறது. லாரியின் மூக்கு கோயிலைப் பார்த்து நின்றது. அதற்குப் பின்னால் டிரெய்லர், அதற்கும் பின்னால் சரிவு, சரிவு முழுக்கப் பால்குடமும் பிள்ளைகளுமாகச் சனம். அலங்காரத்துக்காகக் கழற்றி வைத்த டிரெய்லரை நீ இன்னும் லாரியில் கோக்கவில்லை, சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைத்து நிறுத்தியிருந்தாய். என்னை லாரியில் ஏற்றி, பிரேக்கை மிதித்துக்கொண்டே இரு, செத்தாலும் காலை எடுக்காதே என்றாய். முதலில் சங்கிலியைப் பூட்டினாய். ஆணியைப் போடுவதற்கு முன்னால் குரல் கொடுத்தாய்.

"சக்கரத்துக்கு அடியில வச்சிருக்கா?"

"ரெண்டுக்கும் வச்சாச்சுப்பா" என்றார் பூசாரி.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் வைத்தது எலுமிச்சம்பழம். ஆத்தா புறப்படுகிற நேரத்தில் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கிடந்தால் ஆகுமா என்று, கட்டை இரண்டையும் உருவி வேலி ஓரம் போட்டுவிட்டுப் பழத்தை வைத்திருக்கிறார் மனுசன். நீ அந்தப் பக்கம் சங்கிலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

நாலு பேர் டிரெய்லரின் மூக்கைத் தூக்கினார்கள். பழம் நசுங்கியது, வண்டி பின்னால் உருண்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பொம்பளைகளின் அலறலும், லாரி ஒரு குலுக்குக் குலுங்கியதும்தான். இரண்டு காலாலும் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். சங்கிலி விறைத்து நின்றது. அறவில்லை. அம்மன் ஒரு பக்கம் சாய்ந்து, மாலை வழிந்து, அப்படியே நின்றாள். டிரெய்லரின் பின்பலகைக்கும் ஒரு பால்குடத்துக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்திருக்கும். நீ ஓடிப்போய்க் கட்டைகளை எடுத்து வந்து நீயே வைத்தாய். பூசாரியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

பொழுது சாய்வதற்குள் அம்மன் எல்லா லயத்துக்கும் போய் வந்துவிட்டாள். மறுநாள் டிரெய்லரைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோனோம். அதிகாரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். குனிந்து அடியில் பார்த்தான். ஒரு கீறல் கிடையாது. அவன் சங்கிலியைக் காலால் தட்டி இது எதற்கு என்று கேட்டான். கிராணி நல்ல மனுசன். உனக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்க நினைத்து, மேட்டில் நடந்ததை ஒன்று விடாமல் கைகாலை ஆட்டிச் சொன்னார். அதிகாரி உன் தோளைத் தட்டினான். "பாகுஸ். பாகுஸ் டிரைவர்" என்றான். நல்ல டிரைவராம். திரும்பி வரும் வழியில் நான் பாடிக்கொண்டே வந்தேன். கல்யாணம் ஆன அன்றுகூட நான் பாடவில்லை என்று நீ கேலி செய்தாய்.

ஒரு மாசம் போயிருக்குமா, தெரியாது. விடியற்காலை பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வரிசையில் நின்றபோது அந்தக் குருண் அதிகாரியே லாரியில் வந்து இறங்கினான், கிராணியும் கூடவே. சயாமில் மலைப் பாதையில் லாரி ஓட்ட ஆள் கேட்கிறார்களாம், சாதாரண ஆளெல்லாம் அங்கே ஓட்ட முடியாதாம். கிராணி தலையைத் தூக்கவே இல்லை. அதிகாரி வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தான், உன்னைக் கண்டதும் முகம் மலர்ந்து சிரித்தான். அதே சொல்லைத்தான் சொன்னான்.

உன் பெண்டாட்டி ஓடி வந்து அவன் காலில் விழுந்தாள். நீ அவளைத் தூக்கி நிறுத்தி என் வீட்டுக்காரியிடம் ஒப்படைத்தாய். லாரியில் ஏறினதும் என்னைத் தேடிப் பார்த்தாய்.

"என்னாடா, எல்லாத்துக்கும் பயந்த. அவன் பாகுஸ்னு சொன்னப்ப மட்டும் பாட்டுப் பாடிட்டியே" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். என்னைக் குத்திக்காட்ட அல்ல, நான் அழக்கூடாது என்பதற்காக.

சண்டை முடிந்து திரும்பி வந்தவர்களை ஒருத்தர் விடாமல் கேட்டேன். மலைப் பாதையில் நன்றாக லாரி ஓட்டுகிற தமிழன் ஒருத்தனைப் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. உன் மகள் பிறந்தாள், வளர்ந்தாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். உன்னை மாதிரியே எதற்கும் பயப்பட மாட்டாள்.

நான் அப்புறம் சுங்கைப் பட்டாணியில் ஒரு பட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்தேன். இரண்டு முறை மேஸ்திரியாகப் போடுகிறேன் என்று முதலாளி கூப்பிட்டார். எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும் ஐயா, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பிழைக்கத் தெரியாத மனுசன் என்று வீட்டில் இன்றும் பேச்சு கேட்கிறேன். என் மகனை அவன் வாத்தியார் கெட்டிக்காரன் என்று சொன்னபோது, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை சார் என்று பதறிப்போய் அவர் வாயை அடைத்தேன். பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. எனக்குத் தெரிந்துதான் செய்தேன், இன்றும் அப்படித்தான் செய்வேன்.

டேய், நீ மட்டும் கொஞ்சம் மோசமான டிரைவராக இருந்திருக்கக் கூடாதா?